சுருட்டைக் கெடுப்பது நம் ஊர்க் காற்றா, நாமா?

துபாயிலிருந்து மகன் வாங்கி வந்த சுருட்டுப் பெட்டி ஷோகேஸில் இருக்கிறது. திருச்சியிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த உறையூர்ச் சுருட்டுக் கட்டு பீரோவில், வேட்டி மடிப்புக்கு நடுவில் இருக்கிறது. இரண்டும் பாழ். தங்கவயலில் சுருட்டுப் பழக்கமுள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் காண்பது பெரும்பாலும் இதுதான். பெரியவர் ஆசையாக ஒன்றை எடுத்துப் பற்றவைக்கிறார். மேல் இலை வெடித்துப் பெயர்கிறது. நெருப்பு ஒரு பக்கமாக ஓடுகிறது. நாலு இழுப்பில் தொண்டை அறுக்கிறது. உடனே தீர்ப்பும் வந்துவிடுகிறது: "திருச்சிச் சுருட்டு முன்னே மாதிரி இல்ல சார்." வெளிநாட்டுச் சுருட்டைப் பற்றி அப்படிச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை, மகன் கொடுத்ததாயிற்றே!

இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் கருத்து. கெட்டது சரக்கு அல்ல, அதை வைத்த விதம். வைக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டு, உறையூரில் சுருட்டு சுற்றிப் பிழைக்கும் குடும்பங்களின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

குடும்பங்கள் படிக்கும் சங்க மலரில் புகையிலையைப் பற்றி எழுதலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டு உடம்புக்குக் கெடுதல். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய்க்கு அது வழி. நன்றாகப் பதப்படுத்தி வைத்த சுருட்டும், காய்ந்து போன சுருட்டும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பழக்கம் இல்லாத இளைஞர் ஒருவர்கூட இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொன்னவர்கள் நிறுத்திவிட வேண்டியதுதான். நான் எழுதுவது, மாதத்துக்கு நாலோ ஐந்தோ சுருட்டு என்று அளவோடு வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்காகவும், அவர்களுக்கு அன்போடு வாங்கி வரும் பிள்ளைகளுக்காகவும். சுரங்கத்தை மூடி (2001 பிப்ரவரி 28) கால் நூற்றாண்டு ஆகிறது. அன்று கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் பலருக்கு ஒரு கட்டுச் சுருட்டு என்பது யோசித்துச் செய்கிற செலவு. அது வீணாகக் கூடாது.

சுருட்டு நமக்கு அந்நியப் பொருள் அல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்வதே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையைத் திருச்சியில் சுற்றி, 'டிரிச்சினாபலி' என்ற பெயரில் கப்பலேற்றினார்கள். 1887இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது டிரிச்சினாபலி என்று அந்தத் துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். லண்டனில் இருக்கும் வாசகனுக்கு விளக்கம் சொல்லாமலே புரியும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியிருந்தது. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல், சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் தொடங்கப்பட்டது. (சர்ச்சில் கதையை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாத திருச்சிக்காரர் எவரும் இல்லை என்பதால் வாசகர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.)

நான் டிப்ளமோ படித்தது திருச்சியில். அப்போது உறையூர்த் தெருக்களில் திண்ணைக்குத் திண்ணை இலை நறுக்கிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இன்று போனால் அப்படிப்பட்ட வீடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. அந்தக் காரணங்களோடு, "சரக்கு சரியில்லை" என்ற நம்முடைய பொய்க் குற்றச்சாட்டும் சேர வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். புகையிலை என்பது காய்ந்த இலைதான் என்றாலும் அதற்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். சுற்றியுள்ள காற்று எப்படியோ இலையும் அப்படி. காற்றில் ஈரம் குறைந்தால் இலை விட்டுக் கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும். சுருட்டுக்கு ஏற்றது 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி வெப்பம் என்பது உலகம் முழுவதும் இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நம் ஊரில் 21 டிகிரிக்கு எங்கே போவது? 25 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஈரப்பதத்தையும் 65 அளவிலேயே நிறுத்தலாம். வெயில் ஊரில் 70ஐத் தாண்ட விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

நம் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டு நிலம். சென்னையில் இருப்பவரைவிட வெப்பத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் வறட்சியில் அப்படி இல்லை. மார்ச் மாதப் பிற்பகலில் இங்கே ஈரப்பதம் முப்பதுக்குக் கீழே இறங்குவது புதிதல்ல. சயனைடு மேட்டிலிருந்து தூசி கிளம்பும் அந்த நாட்களில் உதடு வெடிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். உதடு வெடிக்கும் காற்றில் சுருட்டு மட்டும் வெடிக்காமல் இருக்குமா?

ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 33 டிகிரியில் ஏறக்குறைய 36 கிராம் தாங்கும். காலையில் 20 டிகிரியில் 70 சதவீதம் காட்டிய அதே காற்று, ஒரு சொட்டு ஈரம்கூட இழக்காமல், பிற்பகல் 33 டிகிரிக்குச் சூடானால் 33 சதவீதம்தான் காட்டும். அதாவது பாதி. மைசூர் மைன்ஸ், மாரிக்குப்பம் பக்கத்து லைன் வீடுகளில் தகரக் கூரையோ ஓடோ இருக்கும். கூரைக்கு அடியில் உள்ள பரணில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையை நீட்டியே உணரலாம். அந்தப் பரணில் வைத்த சுருட்டு தினம் ஒருமுறை காய்ந்து, தினம் ஒருமுறை ஈரம் வாங்குகிறது. உள்ளிலை ஒரு வேகத்திலும் மேல் இலை ஒரு வேகத்திலும் சுருங்கி விரிகின்றன. ஒரு மாதத்தில் மேல் இலை கிழிந்துவிடும். உறையூர்க் கடைகளில் வெறும் காகிதம் சுற்றித்தானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கே சரக்கு வாரக்கணக்கில் தங்குவதில்லை, விற்றுப் போகிறது. நாம் ஆறு மாதத்துக்கு வாங்கி வருகிறோம்.

சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாறையே அறுபது டிகிரிக்கு மேல் சுடும் ஆழத்தில், மனிதன் வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்தது அந்தக் குமிழ்கள் காட்டிய அளவுதான். அதே அறிவைத்தான் சுருட்டுப் பெட்டிக்கும் கேட்கிறேன்.

நம் மக்கள் சுருட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் காரியங்கள் சில உண்டு. ஃபிரிட்ஜில் வைப்பது முதலாவது. ஃபிரிட்ஜின் உள்காற்று வறண்டது. பனி படியாத புது மாடல்களில் இன்னும் மோசம். அதோடு மீன் குழம்பு, நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றின் மணத்தையும் சுருட்டு உறிஞ்சிக்கொள்ளும். அடுத்தது, டப்பாவுக்குள் ஈரத் துணியோ ஆப்பிள் துண்டோ உருளைக்கிழங்குத் துண்டோ போடுவது. ஈரம் வருவது உண்மைதான், அளவில்லாமல் வரும். ஒரு வாரத்தில் பூஞ்சை. மூன்றாவது, நம் மாநிலத்துக்கே உரியது: மைசூர்ச் சந்தனப் பெட்டி. "இவ்வளவு விலையுயர்ந்த பெட்டியில் வைத்தால் கெடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கெடாது ஐயா, ஆனால் பிறகு நீங்கள் புகைப்பது சுருட்டு அல்ல, ஊதுபத்தி! பீரோவில் நாப்தலின் உருண்டைக்குப் பக்கத்தில் வைப்பதும் இதே கதைதான். ஷோகேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில் எந்த இலைதான் பிழைக்கும்?

வெளிநாட்டில் இதற்கென்று 'ஹியூமிடார்' என்ற மரப்பெட்டி விற்கிறார்கள். உள்ளே ஸ்பானிஷ் சீடர் மரத்தால் பலகை அடித்திருக்கும். பெயர்தான் சீடர், உண்மையில் அது மகாகனி, வேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். நம் நாட்டுச் சந்தன வேம்பு, அதாவது தூன் மரம், அதற்கு நெருங்கிய உறவு. பெயரில் சந்தனம் இருந்தாலும் சந்தன மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் சுருட்டுப் பெட்டி செய்ய இதைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த மரம் ஈரத்தை வாங்கிக் கொடுத்து நிதானப்படுத்தும், மெல்லிய மணமும் தரும். கிடைத்தால் நல்லது. ஆனால் பல ஆயிரம் கொடுத்து ஹியூமிடார் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. மலிவான ஹியூமிடார்களின் மூடி சரியாக உட்காருவதே இல்லை. அதைவிட, ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் புது டப்பா ஒன்று பல மடங்கு மேல். மசாலா வைத்த பழைய டப்பா வேண்டாம். மகன் கொண்டுவந்த சுருட்டுப் பெட்டி காலியானதும் அதன் பலகையை உடைத்து இரண்டு துண்டு டப்பாவின் அடியில் போட்டால், சீடர் மரமும் கிடைத்தாயிற்று.

டப்பாவுக்குள் ஈரத்தை நிலைநிறுத்த, 65 என்றோ 69 என்றோ எண் அச்சிட்ட சிறு பொட்டலங்கள் இப்போது தபாலில் கிடைக்கின்றன. உள்ளே உப்புக் கரைசல் இருக்கிறது. உறை நீராவியை மட்டும் விடும். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும். மார்ச் மாதத்துக்கும் அதுவே, மழைக்காலத்துக்கும் அதுவே. 65 எண் உள்ளதை வாங்குங்கள். பொட்டலம் கல் மாதிரி இறுகிவிட்டால் அதன் காலம் முடிந்தது என்று பொருள்.

அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது ரயில்வே எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம். தென்னக ரயில்வேயில் சேர்ந்து, 2003இல் எல்லை பிரித்தபின் தென்மேற்கு ரயில்வேயில் ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தின் இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்பவனை யாரும் நம்ப மாட்டார்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. ஆனால் மலிவான கருவி ஐந்து, எட்டு என்று தவறாகக் காட்டும். அதைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, சமையலறை போதும். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். நம் அறை வெப்பத்தில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். இது இயற்கை விதி. கருவி 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். உப்பு சோதனைக்கு மட்டுமே. சேமிப்புக்கு 75 நமக்கு அதிகம்.

நிற்க. ஏற்கெனவே காய்ந்து போனதை என்ன செய்வது? பெரும்பாலும் மீட்கலாம், பொறுமை இருந்தால். தண்ணீர் தெளிப்பதும் ஆவி காட்டுவதும் கூடவே கூடாது. உள்ளிலை சட்டென்று ஊதி மேல் இலையைப் பிளந்துவிடும். 65 பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டியதுதான். மூடுமுன் பத்துச் சுருட்டைச் சேர்த்துச் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி எடை போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வரும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் ஈரம் நடுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகலாம். விரலால் அமுக்கிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்து மணம் முழுவதும் போனதை மட்டும் எந்தப் பெட்டியும் திருப்பித் தராது.

காய விடாமல் காப்பது ஒன்று, நாள்பட வைத்துப் பக்குவப்படுத்துவது வேறு. புகையிலையைக் குவியலாக அடுக்கி, உள்ளே சூடேறியதும் பிரித்து மாற்றி அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். அப்போது அம்மோனியா வெளியேறுகிறது. அவசரத்தில் சுற்றிய சுருட்டில் அதன் மிச்சம் இருக்கும். புதுச் சுருட்டில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சரியான ஈரத்தில், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றி ஆறு மாதம் வைத்திருந்தால் அந்த நெடி அடங்கிக் காரம் தணிகிறது. முரட்டுச் சுருட்டுக்கு ஓராண்டு, இரண்டாண்டும் வைக்கலாம். ரயில் பாதையில் மரக்கட்டைகள் போட்ட காலத்தில், வந்த கட்டையை அப்படியே பாதையில் போட மாட்டோம். காற்றுப் போக இடம் விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மாதக்கணக்கில் பதப்பட விடுவோம். சுருட்டும் அப்படித்தான். டப்பாவில் திணிக்காமல் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாச் சுருட்டும் இதற்குத் தகுதி உடையவை அல்ல. திராட்சை, அன்னாசி, ரம் என்று எசென்ஸ் ஏற்றியவை நாள்பட நாள்பட மணத்தை இழக்கும், பக்கத்தில் உள்ளவற்றுக்கும் அந்த மணத்தை ஒட்டவைக்கும். அவற்றைத் தனி டப்பாவில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். தூள் அடைத்து இயந்திரத்தில் செய்தவையும் வைத்தால் மேம்படுவதில்லை. முழு இலையைக் கையால் சுற்றிய சாதாரண உறையூர்ச் சுருட்டு நன்றாக மேம்படுகிறது. இரண்டு வருடம் வைத்ததையும் புதிதாக வாங்கியதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்த என் நண்பர்கள் மூவருமே பழையதைத்தான் விலை கூடியது என்றார்கள். லண்டன் வியாபாரிகள் ஹவானாச் சுருட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நம் சரக்கை அதன் பாதி அக்கறையோடு வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கருப்பசாமிக்குப் படைக்கிற சுருட்டுகூட நம் ஊரில் காய்ந்த சுருட்டாகத்தான் இருக்கிறது!

வண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் இலையில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை இருந்தால் அது புகையிலை வண்டின் வேலை. இதே வண்டுதான் மல்லி, மஞ்சள், மிளகாய் வற்றலிலும் வரும். ஆகவே மளிகை அலமாரியில் சுருட்டுக்கு இடம் கிடையாது. இந்த விஷயத்தில் வீட்டுக்கார அம்மாக்கள் சொல்வதே சரி. ஓட்டை கண்ட சுருட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மற்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். பிறகு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, அதன் பின்பே வெளியே எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குச் சுருட்டு விஷயத்தில் உள்ள ஒரே உபயோகம் இதுதான்.

டப்பாவை வைக்க நல்ல இடம், வெயில் படாத உள்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு. பரண் வேண்டாம், சமையலறை வேண்டாம், டிவிக்குப் பின்னாலும் வேண்டாம். பேரக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டு அவசியம். நிகோடின் குழந்தைகளுக்கு நஞ்சு. மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி, எந்தக் கட்டு எந்தத் தேதியில் உள்ளே போனது என்று எழுதி வையுங்கள். மகன் அடுத்த முறை துபாயிலிருந்து வரும்போது, "இன்னும் போன வருஷத்துப் பெட்டியே இருக்கப்பா, இந்த வருஷம் வேண்டாம்" என்று தேதியைக் காட்டிச் சொல்லலாம்.

உப்புச் சோதனை செய்து சரிபார்த்த ஈரமானி ஒன்றைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு குறைத்துக் காட்டுகிறது, பின்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன். வேண்டுபவர்கள் ஞாயிறு காலை வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்று, ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம்.